நாற்பத்தொரு வில்லைகள்

இடுப்பு காலையிலேயே விட்டுப்போயிருந்தது. முதல் லாரியின் மீன் பெட்டிகளை இறக்கி முடித்தபோது மேஸ்திரியால் நிமிர முடியவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கனமான பெட்டியை இறக்குவதுபோலவே தன்னையும் மெல்லத் தரையில் இறக்கிவைத்தார். முதுகெலும்பின் அடியில் யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோன மாதிரி ஒரு குத்தல்.

"பதினோரு மணிக்கு ஒத்திகை. அதுக்குள்ள படுத்துடாதீங்க மேஸ்திரி," என்றார் மேனேஜர். "ஆபீசர் வந்தாச்சு. இன்னைக்கு ஃபெயிலானா, மறு ஒத்திகை வரைக்கும் கிடங்கைப் பூட்டிடுவாங்க. பதினஞ்சு நாள். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

"நாங்க என்ன சார் பரீட்சை எழுதவா வந்தோம்? பெட்டி தூக்க வந்தோம்."

"இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் ஓடவும் செய்யுங்க."

அது குளிர்பதனக் கிடங்கு. ஆறு அறைகள். குழாய்களில் அமோனியா ஓடும். பின்சுவரை ஒட்டியே தெரு, அறுபத்திரண்டு வீடுகள். வாயு கசிந்தால் முதலில் கண் எரியும், பிறகு தொண்டை அடைக்கும், பிறகு மூச்சு என்று பாதுகாப்பு ஆபீசர் பள்ளிக்கூடத்தில் மூன்று கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார். தெருவின் வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறிகள் போட்டு கேட்டில் ஒட்டியாகிவிட்டது. சங்கு ஊதியதும் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்க மைதானத்துக்கு ஓட வேண்டும். ஆறு வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர். மேஸ்திரியின் தங்கச்சி அவர்களில் ஒருத்தி. கழுத்தில் மாட்ட விசில் கொடுத்தபோது, "என் வீட்டுக்காரர் என் குரலுக்கே நடுங்குறாரு, இதுல விசில் வேறயா சார்?" என்று கூட்டத்தையே சிரிக்கவைத்தவள். அந்த வீட்டுக்காரருக்கு மேஸ்திரியின் கேங்கில்தான் வேலை.

கிடங்குக்குள் இருப்பவர்களுக்கு வேறு ஏற்பாடு. ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை. உள்ளே போகும்போது கதவோரப் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வரும்போது கழற்றிக்கொள்ள வேண்டும். ஆபத்து நேரத்தில் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள். வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். முகமூடி போட்ட நாலு பேர் போவார்கள். பலகை காலியாக இருந்தால் யாரும் போகமாட்டார்கள். கதவுகளைச் சாத்தி, இடுக்குகளில் ஈரச்சாக்கைத் திணித்து, தெருவைக் காப்பாற்றத் தண்ணீர் அடிக்கத் தொடங்குவார்கள்.

திட்டத்தில் இல்லாத ஒன்றும் இருந்தது. மேஸ்திரியின் கேங்கில் பதினோரு பேர். பதினோரு பேரும் தனித்தனியாக நின்று வில்லையைக் கழற்றினால் கடைசி ஆளுக்கு பஸ் போய்விடும். அதனால் எல்லா வில்லைகளையும் ஒரே கம்பி வளையத்தில் கோத்து மாட்டுவார்கள். வேலை முடிந்ததும் மேஸ்திரி ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்து, வெளியே வைத்துப் பிரித்துக் கொடுப்பார். எட்டு வருஷமாக இப்படித்தான். வாட்ச்மேனுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். ஆபீசருக்கு மட்டும் தெரியாது.

சங்கு ஊதியபோது மேஸ்திரியின் கை தானாகவே பலகைக்குப் போயிற்று. வளையத்தை உருவினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

மைதானத்தில் தெருவே கூடியிருந்தது. ஈரத்துணிக்குள் சிரிப்பு. ஒருத்தி அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று புலம்பிக்கொண்டிருந்தாள். தங்கச்சி இடுப்பில் பிள்ளையோடு, வாயில் விசிலோடு, தன் ஆறு வீட்டுச் சனத்தையும் வாத்துக்கூட்டம் மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தாள். வந்து சேர்ந்தவர்களை எண்ண மேஜைமேல் வைத்திருந்த இன்னொரு பலகையில் மேஸ்திரி வளையத்தை மாட்டினார். ஆபீசர் விரல் வைத்து எண்ணினார்.

"நாற்பத்தொண்ணு. எல்லாரும் வந்தாச்சு. உள்பலகை காலி. கதவைச் சாத்தச் சொல்லுங்க." கையிலிருந்த கடிகாரத்தை அழுத்தினார். "நாலு நிமிஷம் பத்து செகண்ட்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தூரத்தில் கிடங்கின் பெரிய இரும்புக் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. 

மேஸ்திரி தன் ஆட்களைச் சுற்றி நிறுத்தி வில்லைகளைப் பிரித்துக் கொடுத்தார். பத்துக் கைகள் நீண்டன. பத்தாவது கைக்குக் கொடுத்த பிறகும் உள்ளங்கையில் ஒன்று மிச்சம் இருந்தது. இருபத்தேழு. தங்கச்சி புருஷனின் நம்பர்.

தங்கச்சி பக்கத்தில் வந்து நின்றாள். "அவரு எங்கண்ணே?"

"பின்னால வர்றான்," என்றார் மேஸ்திரி.

அவர் நடந்துதான் போனார். ஓடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கதவின் அடியில் ஈரச்சாக்கு அச்சுக் குலையாமல் திணிக்கப்பட்டிருந்தது. சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்திருந்தார்கள். பின்கதவு வழியாக உள்ளே நுழைந்தார். விளக்குகளை அணைத்திருந்தார்கள். சுவரைத் தடவிக்கொண்டே முதல் அறை, இரண்டாம் அறை, மூன்றாம் அறை. நாலாம் அறைக் கதவின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

கதவை இழுத்ததும் விசிறிகளின் இரைச்சல் முகத்தில் அறைந்தது. மாப்பிள்ளை காதுக்குல்லாயோடு ஏணிமேல் நின்று, குழாயில் படிந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். 

"என்ன மச்சான், டீ வந்துடுச்சா?"

"சங்கு ஊதுச்சே மாப்ள!"

"எவனுக்கு?" என்று சிரித்தான். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். குல்லாயைக் கழற்றினான். "ஊதுச்சா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

"ஒண்ணுமே?"

"இந்த விசிறிச் சத்தத்துல நீங்க பேசுறதே பாதிதான் கேக்குது. கதவு ஒரு சாண் கனம். வெளிய இடி விழுந்தாலும் தெரியாது."

மேஸ்திரி கதவைப் பிடித்தபடி நின்றார். கண் கரித்தது. முதலில் குளிர் என்று நினைத்தார். பிறகு மூக்கிலும் ஏறியது. கதவுக்கு மேலே இருந்த வால்வில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். துணியின் நுனி மஞ்சளித்திருந்தது.

"இது எப்போதிருந்து?"

"ரெண்டு நாளா. திங்கக்கிழமை மாத்துறேன்னு மெஷின் ரூம்காரர் சொல்லியிருக்காரு. மூக்கு பழகிடுச்சு, விடுங்க."

"ஆபீசர்கிட்ட சொல்றேன். உள்ள ஆள் இருந்தான்னு சொல்லிடறேன்."

மாப்பிள்ளை மடமடவென்று இறங்கி வந்தான். "சொல்லிட்டு? பதினஞ்சு நாள் எல்லாரும் வீட்ல உக்காந்து ஈ ஓட்டணுமா? அதுவும் யாரால? என்னால. நாளைக்கு இவனுங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நீங்க என் தோள்ல கை போட்டு வெளிய கூட்டிட்டுப் போங்க. வந்துட்டேன்ல? அவ்வளவுதான் மச்சான்."

மைதானத்தில் ஆபீசர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். வெயிலில் நின்று கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. மேஸ்திரியைப் பார்த்ததும் பேனாவை நீட்டினார்.

"உங்க கேங்கைத்தான் மத்த ஊர்ல எடுத்துச் சொல்லப்போறேன். பதினோரு பேர், ஒருத்தர்கூடத் தவறலை. இதுல ஒரு கையெழுத்து. என் ஆட்கள் அனைவரையும் நானே நேரில் எண்ணிப் பார்த்தேன்னு போட்டிருக்கு."

மேஸ்திரி பேனாவை வாங்கினார். "சார், நாலாம் ரூம்ல..."

மேனேஜர் தலையைத் தூக்கினார். கேங்கின் பத்துப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவன் மட்டும் தரையைப் பார்த்தான். மற்றவர்கள் மேஸ்திரியையே பார்த்தார்கள்.

"நாலாம் ரூம்ல என்ன?" என்றார் ஆபீசர்.

"குளிரு ஜாஸ்தி சார்."

மேனேஜர் பெரிதாகச் சிரித்தார். ஆபீசரும் சிரித்துவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார். "ஒரே ஒரு கேள்வி பாக்கி. சங்குச் சத்தம் எல்லா இடத்துலயும் கேட்டுச்சா?"

இப்படி நேராகக் கேட்பார் என்று மேஸ்திரி எதிர்பார்க்கவில்லை. கேட்காமல் விட்டிருந்தால் சொல்லாமல் விட்டதோடு போயிருக்கும்.

"கேட்டுச்சு சார்."

கையெழுத்தைப் போட்டார். ஆபீசர் அதன் பக்கத்திலேயே முத்திரை குத்தினார். ஜீப் கிளம்பியது.

சனம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. தங்கச்சி புருஷனின் தலையில் இருந்த பனித்துகளைத் தட்டிவிட்டு, "கடைசி ஆளா வந்து என் மானத்தை வாங்குறியா? பொறுப்பாளர் புருஷன்னு ஒரு மரியாதை வேணாம்?" என்று திட்டினாள். அவன் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மிச்சம் இருக்கும் உறைபனியைச் சுரண்டி முடிக்க வேண்டும் என்று கிடங்கை நோக்கி நடந்தான்.

"இந்தக் குழாயை நினைச்சாலே வயித்துல புளியைக் கரைக்கும்ணே," என்றாள் அவள், அவன் போவதைப் பார்த்துக்கொண்டே. "ராத்திரி ஷிஃப்ட்னா நான் தூங்கவே மாட்டேன். இன்னைக்குத்தான் நிம்மதி. நாலு நிமிஷத்துல எல்லாரும் வெளிய! அதுவும் நீ இருக்க. எண்ணிப் பாக்காம ஒரு அடி நகர மாட்ட நீ."

"ம்," என்றார் மேஸ்திரி.

"என்னண்ணே, இடுப்பு வலியா? மூஞ்சி வெளிறிப்போச்சு."

"வலிதான்."

"வீட்டுக்கு வா, வெந்நீர் ஒத்தடம் குடுக்குறேன்."

"இல்லம்மா. இன்னொரு லாரி இருக்கு."

அவள் விசிலை வாயில் வைத்து, பிள்ளைக்கு வேடிக்கை காட்ட ஒரு தடவை ஊதிவிட்டுத் தெருவுக்குள் திரும்பினாள். அங்கே, பெரிய கதவைத் திறந்து ஈரச்சாக்கைக் காலால் ஒதுக்கிவிட்டு, மாப்பிள்ளை குல்லாயை இழுத்து மாட்டியபடி உள்ளே போனான்.

மேஸ்திரி தங்கச்சியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட வாயெடுத்தார். கூப்பிடவில்லை. நாலாம் அறைக்குள் சங்கு கேட்காது என்கிற ஒரு வார்த்தையை அவர் அவளுக்குக் கடன்பட்டிருந்தார். அந்தக் கடன் அப்படியே நின்றது.