பதிவேட்டில் தங்கையின் பெயர்

அதிகாரி பதிவேட்டைத் திருப்பி வைத்ததும் முதலில் அண்ணனின் கையெழுத்துதான் அவள் கண்ணில் பட்டது. மற்ற பங்குதாரர்களின் பெயர்களை அவசரமாகக் கிறுக்கியிருந்தவன், அவள் பெயரை மட்டும் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதியிருந்தான். அதற்கு எதிரே கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"பங்கைக் கம்பெனி திருப்பி எடுத்திருந்தா இங்க தேதி இருக்கணும்மா," என்றார் அதிகாரி. அப்பா ஆரம்பித்து, அண்ணன் நடத்தி நொடித்துப்போன அட்டைப்பெட்டிக் கம்பெனியை மூடிக் கணக்கு முடிக்க நியமிக்கப்பட்டவர். தேதி விழுந்திருந்தால் அவள் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நின்றிருப்பாள்; கொஞ்சமாவது தேறியிருக்கும். இப்போது வெறும் பங்குதாரர். தொழிலாளி, வங்கி, காகிதம் கொடுத்தவர்கள் எல்லோரும் வாங்கிப்போன பிறகு மிஞ்சினால் உண்டு. மிஞ்சாது என்று அவர் முகமே சொன்னது.

அவள் கேட்டால் கம்பெனி பணம் கொடுத்துத் திருப்பி எடுத்துக்கொண்டே தீர வேண்டிய வகைப் பங்குகள் அவை. அப்பா அவளுக்கென்று எழுதி வைத்தது. பத்து மாதத்துக்கு முன், அவர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னபோது, அதையே வாங்குவதற்காக அவள் பங்குப் பணத்தை எழுதிக் கேட்டாள். "என்ன டீச்சரம்மா, லீவு லெட்டர் மாதிரி இருக்கே," என்று சிரித்துக்கொண்டே அண்ணன் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டான். அதை நம்பி முன்பணம் கொடுத்தார்கள். அவள் கணவர் அன்றைக்கே திரைச்சீலைக்கு ஜன்னல்களை அளந்துவிட்டார், ஏதோ வேறு வீட்டுக்குப் போவதுபோல. இந்த வெள்ளிக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் முன்பணமும் போகும், வீடும் போகும்.

"ஏண்ணா தேதி போடல?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் மேசையைப் பார்த்தான். "போடத்தான் எடுத்தேன். அப்பா ஆரம்பிச்ச புத்தகம். அதுலேர்ந்து உன்னை அடிச்சு எடுக்க மனசு வரல. பணம் குடுக்கற அன்னிக்குப் போட்டுக்கலாம்னு வெச்சேன்."

அவளுக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. ஏமாற்றியிருந்தால் சண்டை போடலாம். பாசத்தால் செய்ததை என்ன செய்வது?

அதிகாரி ஒரு படிவத்தை நகர்த்தினார். பதிவேடு தவறு என்று அவள் ஆட்சேபம் எழுதலாம். அண்ணன் கையெழுத்திட்ட கடிதமே சாட்சி. ஆனால் ஒப்புக்கொண்டும் பதியாமல் விட்ட இயக்குநர் என்று அண்ணன்மேல் வழக்கு வரும். அவன் குடியிருக்கும் வீடுகூடப் பறிபோகலாம்.

"எழுதினா வெள்ளிக்குள்ள ஏதாவது கிடைக்குமா சார்?"

"கோர்ட்டுக்கு வெள்ளி செவ்வாய் தெரியாதும்மா. வருஷக்கணக்குல ஆகும். எழுதாட்டா அதுவும் இல்ல. இன்னியோட கெடு முடியுது."

வெளியே போய்க் கணவரிடம் போனில் பேசினாள். அவர் வழக்கம்போல் நல்லவராக, உனக்கு எது சரின்னு படுதோ செய், நான் இருக்கேன் என்றார். கொஞ்சம் கெட்டவராக இருந்து ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அண்ணன் தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினான்.

"எழுதும்மா. உங்க அண்ணிக்கு நான் சொல்லிக்கறேன்."

பேனாவை வாங்கிக்கொண்டாள். மேலே சுழன்ற மின்விசிறியின் காற்றில் படிவம் எழும்பி எழும்பி அடங்கியது. அது பறக்காமல் இருக்க, அண்ணன் இரண்டு விரல்களால் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.