துணைக்கு ஒருவர்

மூக்குக் கண்ணாடியில் தலைமுடி ஒட்டியிருக்கிறது என்றுதான், ரயில் நிலையத்தில் எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடும் அந்த அறிவிப்பாளர் முதலில் நினைத்தார். கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முடி போகவில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் நீந்தியது, அந்தப் பக்கம் திரும்பினால் பின்னாலேயே வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று நாலைந்தாகி, தண்ணீரில் விழுந்த மை போலப் பிரிந்து பரவியது.

அந்த நேரம் பார்த்துத்தான் மேசைத் தொலைபேசி அடித்தது.

"ரேடியோ, துறைமுக வண்டி ஆறுல இல்ல, மூணுல வருது. சட்டுனு சொல்லிடுய்யா," என்றார் சிக்னல் கேபின்காரர்.

ரேடியோ வழக்கம்போல் சிலேட்டில் எண்ணை எழுதினார், வழக்கம்போல் மைக்கைத் திறந்தார், வழக்கம்போல் சிலேட்டைப் பார்த்துப் படித்தார். காதால் மூன்று என்று கேட்டு, கையால் மூன்று என்று எழுதிய மனிதர், வாயால் எட்டு என்று சொன்னார்; கண்ணில் நீந்திய இழை 3-ஐ மூடி 8 ஆக்கியிருந்தது. எட்டாவது நடைமேடை பாலத்துக்கு அந்தப் பக்கம். பெட்டியும் பிள்ளையுமாக ஒரு கூட்டமே அடித்துப் பிடித்துப் பாலம் ஏறியது. வண்டி மூன்றாவது நடைமேடையில் வந்து, நின்று, பாதிக் காலியாகப் புறப்பட்டுப் போனது.

அந்த ரயில் நிலையத்தில் நேரம் தவறாத வண்டிகளைப் பதிவு செய்த குரல் பார்த்துக்கொள்ளும். தாமதம், நடைமேடை மாற்றம், தொலைந்த குழந்தை எல்லாம் ரேடியோவின் பாடு. பாலத்துப் படிக்கட்டின் அடியில் சன்னல் இல்லாத ஓர் அறை. தலைக்கு மேல் நாளெல்லாம் காலடிச் சத்தம். ஊரில் பாதிப் பேருக்கு அவர் குரல் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. யார்டின் கடைசியில் சிக்னல் கேபினில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தடத்தில் வருகிறது என்று காலமெல்லாம் அவருக்குச் சொல்லிவந்த கேபின்காரருக்குக்கூடத் தெரியாது. இருவரும் வருடக்கணக்கில் பேசிச் சிரித்திருக்கிறார்கள். ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை.

நிலைய அதிகாரி கூப்பிட்டுவிட்டார்.

"குடிச்சிருக்கீங்களா?"

"அந்தப் பழக்கமே இல்ல சார். கண்ணுல ஏதோ..."

"அப்ப முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் மைக் பக்கமே போகாதீங்க."

சர்க்கரை இருப்பது ரேடியோவுக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்து பல வருடம் ஆகிறது. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார், வராவிட்டால் இல்லை. எங்கேயும் வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றுக்காகப் பயப்பட அவருக்கு நேரமில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது ஒல்லிப்பிச்சானாக இருந்தவர்தான். உட்கார்ந்த இடத்தில் தேநீர், இனிப்பு பன், பிஸ்கட் என்று அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவில் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பேச ஆளில்லாத அறையில் வாய்க்கு வேறென்ன வேலை? உடம்பு பெருத்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருமுறை அலுவலக நண்பர் ஒருவர் வீட்டு விசேஷத்தில் பிளாஸ்டிக் நாற்காலி அவரைத் தாங்காமல் நாலு காலையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் அவர் போகவில்லை. கேபின்காரர் மகள் கல்யாணத்துக்கும்தான்.

மனைவி, மகளின் பிரசவத்துக்கு என்று வெளிநாடு போனவள். குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள். இப்போது இரண்டாவது குழந்தை. சண்டை ஒன்றும் கிடையாது. தினமும் போன் செய்வாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சு."

அதற்கு மேல் இருவருக்கும் விஷயம் இருக்காது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கை அடித்து, இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பாக்குற கறுப்பு நூல் வேற ஒண்ணும் இல்ல, உங்க ரத்தம்தான். வருஷக்கணக்கா சர்க்கரை ஜாஸ்தியாவே ஓடிட்டிருந்தா ரத்தக் குழாயோட உள்சுவர் கெட்டுப்போகும். ரொம்ப மெல்லிசான குழாய்தான் முதல்ல மாட்டும். சிலது கசியும், சிலது அடைச்சுக்கும். ரத்தம் கிடைக்காத இடத்துக்கு உடம்பு அவசர அவசரமா புதுக் குழாய் போடும். அவசர வேலை எப்பவும் உருப்படியா இருக்காதே? அது உடைஞ்சுதான் உங்க இடது கண்ணுக்குள்ள ரத்தம் பரவியிருக்கு."

ரேடியோ தொப்பையைத் தொட்டுக் காட்டினார். "இதுனாலயா டாக்டர்?"

"அதுக்கும் பங்கு இருக்கு. வயித்தச் சுத்திக் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் தன் வேலையச் செய்ய முடியாது. பிரஷரும் ஏறும். ஏற்கெனவே நொந்துபோன குழாய்ல அழுத்தமும் கூடினா என்ன ஆகும்? உங்களத் திட்டறதுக்காகச் சொல்லல. உடம்ப அறுக்காம ரத்தக் குழாய நேராப் பாக்க முடியற இடம் கண்ணு ஒண்ணுதான். இங்கயே இப்படின்னா கிட்னி, காலு, இதயம் எல்லாத்தையும் பாத்துடணும்."

அடுத்த அறையில் நர்ஸ் அவரைக் கட்டிலில் படுக்கவைத்துச் செருப்பைக் கழற்றினாள். கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை.

"கண்ண மூடிக்கோங்க சார். கால்ல படறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க."

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். இந்தப் பெண் வேறு வேலையாகப் போய்விட்டாளோ என்று தோன்றியது.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

நர்ஸ் இழையைத் தட்டில் வைத்தாள்.

"ரெண்டு காலும் முடிச்சிட்டேன் சார்."

தன் உடம்பில் ஒரு பகுதி தன்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போயிருக்கிறது. அது எப்போது போனது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ஆணி குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. தினம் பாதத்தப் பாருங்க. குனிய முடியலன்னா வீட்ல யாரையாவது பாக்கச் சொல்லுங்க," என்றாள் நர்ஸ். "அடுத்த வாரம் லேசர். ரெண்டு கண்ணுக்கும் மருந்து விடுவோம், பார்வை மங்கலா இருக்கும். அதனால துணைக்கு ஒருத்தர் கண்டிப்பா வரணும்."

"சரிம்மா," என்றார் ரேடியோ, துணைக்கு ஆள் வரிசையில் நிற்பதுபோல.

அன்று மனைவியின் போன் வந்தபோது சொல்லிவிடத்தான் நினைத்தார். பின்னணியில் பேரப்பிள்ளை ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்றாள். "ஆச்சு," என்றார்.

லேசர் நாளன்று தனியாகவே போனார். முடிந்ததும் ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொள்ளலாம், இதற்குப் போய் யாரைத் தொந்தரவு செய்வது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"துணைக்கு யார் சார் வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"தம்பி. வெளிய நிக்கிறான்."

தம்பி என்று ஒருவன் பிறக்கவே இல்லை. பேசிப் பேசியே பிழைத்த வாய், அந்தப் பொய்யைத் தடுமாறாமல் சொன்னது. அவள் கதவைத் திறந்து, "இவர்கூட வந்தவங்க யாரு?" என்று சத்தமாகக் கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள். பிறகு மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

"டீ குடிக்கப் போயிருப்பாங்க போல," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க சார். ஆனா அதுக்கு மேல தள்ளாதீங்க. வலது கண்ணும் கசிய ஆரம்பிச்சிருக்கு."

பார்சல் அலுவலகத்தில் அவரைத் தற்காலிகமாக உட்காரவைத்திருந்தார்கள். மறுநாள் அங்கே கிடந்த தொலைபேசியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் கேபினுக்குச் சுழற்றினார்.

"எங்கய்யா தொலைஞ்சு போன?" என்று அந்தப் பக்கம் சத்தம் போட்டது. "மைக்ல எவனோ மூக்கால பேசுறான். உனக்கு என்ன ஆச்சு?"

ரேடியோ எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று மனதில் கோத்து வைத்திருந்தது எல்லாம் குலைந்துபோனது. "எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும்," என்றார். "ஆஸ்பத்திரிக்கு."

"என்னைக்கு?" என்றார் கேபின்காரர். வேறொன்றும் கேட்கவில்லை.

நிலையத்து வாசலில், வண்டி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சந்திப்பதாகப் பேச்சு. ரேடியோ முன்னதாகவே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். கேபின்காரரின் கனத்த குரலுக்கு ரேடியோ தன் மனதில் ஒரு பெரிய மீசையும் அகன்ற தோளும் வரைந்து வைத்திருந்தார். வந்தவர் குள்ளமாக, ஒரு தோள் சரிந்து, சிறிய பையோடு இருந்தார். யாரையோ தேடிக்கொண்டு ரேடியோவைக் கடந்துபோனார். திரும்பி வந்தார், மறுபடியும் கடந்துபோனார். அவர் தேடுவது இளமையாக, நிமிர்ந்து நிற்கிற யாரையோ என்று ரேடியோவுக்குப் புரிந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இத்தனை வருடம் காப்பாற்றிய குரல், குரலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கேபின்காரர் மூன்றாவது முறையாகத் திரும்பியபோது ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றார். "நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஆள் சுவரோரமாக நிற்கிறார்."

கேபின்காரர் அப்படியே நின்றுவிட்டார். அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ வந்தது, போனது.

"யோவ், உன்னை ஒல்லின்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

"நான் உன்னைப் பயில்வான்னு நெனச்சிட்டிருந்தேன்."

இருவரும் சிரித்தார்கள். ரேடியோவுக்கு விலா வலித்தது. சிரித்து எத்தனை நாளாயிற்றோ.

லேசர் அறையில் முகவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குள் பச்சை மின்னல்கள். சில சுருக்கென்று குத்தின. முடிந்து வெளியே வந்தபோது உலகம் வெள்ளைப் புகையாக இருந்தது. ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. காய்த்துப்போன, உலர்ந்த கை.

"படி வருது. இன்னும் ஒண்ணு. அவ்வளவுதான். இப்ப சமதரை."

தொலைபேசியில் தடம் சொல்லும் அதே குரல்தான். ரேடியோ அந்தக் கையை விடாமல் நடந்தார். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. கேபின்காரரும் இழுத்துக்கொள்ளவில்லை.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு ஏன்யா வரல? பத்திரிகை அனுப்பி, போன்லயும் சொன்னேன்."

நாற்காலிக் கதையை ரேடியோ முதன்முதலாக ஒரு ஆளிடம் சொன்னார். கேபின்காரர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மண்டபத்துல இரும்பு நாற்காலியும் இருந்துச்சுய்யா," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பேன்."

வலது கண் பிழைத்துக்கொண்டது. இடது கண்ணில் ரத்தம் பாதி கரைந்தது, மீதி ஒரு பழுப்புத் திரையாகத் தங்கிவிட்டது. சிறுநீரில் புரதம் இறங்குகிறது, சிறுநீரகத்தைக் காப்பாற்ற இப்போதே மருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். இன்சுலின் ஊசியைத் தானே வயிற்றில் போட்டுக்கொள்ளப் பழகினார். பாதத்தைப் பார்க்க வீட்டில் யாருமில்லை, குனியவும் வயிறு விடவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மைக் திரும்பக் கிடைக்கவில்லை. எல்லா அறிவிப்புக்கும் பதிவுக் குரலே வந்துவிட்டது. அவர் பார்சல் அலுவலகத்திலேயே நிரந்தரமானார்.

மனைவியிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள். "இத்தனை நாளா என்கிட்ட ஆச்சு ஆச்சுன்னீங்களே," என்றாள். பிறகு, "நான் கிளம்பி வரட்டுமா?" என்றாள்.

வா என்ற ஒற்றை எழுத்து நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அவள் கேட்ட விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது. வாழ்நாளெல்லாம் குரல்களைக் கேட்டே வாழ்ந்தவருக்கு அது பிடிபடாமல் போகுமா?

"வேணாம். இப்ப பரவாயில்ல. நீ பிள்ளைங்களப் பாரு."

"சரி," என்றாள், கொஞ்சம் சீக்கிரமாகவே.

அடுத்த இரண்டு முறையும் கேபின்காரர் லேசருக்குக் கூட வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்து நின்றார். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு ரேடியோ கட்டிலில் உட்கார்ந்தார். சர்க்கரை இல்லாத தேநீரை இருவரும் முகம் சுளித்துக்கொண்டு குடித்தார்கள்.

"அடுத்த மாசம் ரிடையர் ஆகுறேன்," என்றார் கேபின்காரர். "பொண்ணு தன்னோட வந்து இருக்கச் சொல்றா. தூரம்தான். என்ன பண்றது?"

"போய் இரு. நல்லதுதானே," என்றார் ரேடியோ.

"உனக்கு ஆஸ்பத்திரிக்கு?"

"பாத்துக்கலாம்."

"போன் பண்ணுவேன்."

"பண்ணு."

தெருமுனை வரை கூடவே நடந்துபோய் வழியனுப்பினார். அந்தச் சரிந்த தோள் கூட்டத்தில் மறைவதை வலது கண்ணால் பார்த்தார். திரும்பி வந்தபோது வீட்டின் அமைதி வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுக்கப் போனவர், இழுக்காமல் விட்டார். டாக்டரம்மா தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார். காலணிக்குள் கல் எதுவும் கிடக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கினார்.