ராணி சொன்ன பதில்

பச்சமுத்துவும் அவன் மனைவி மீனம்பாளும் மாட்டுவண்டியிலேயே மேடை கட்டி, ஊர் ஊராய்ப் பொம்மலாட்டம் நடத்துகிறவர்கள். ராஜாவை அவன் ஆட்டுவான், ராணியை அவள். பர்மாவில் யுத்தம் வந்து மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடானதிலிருந்து பொழுது சாய்வதற்குள் ஆட்டத்தை முடித்துக்கொள்வார்கள்.

மூன்று மாதமாக மீனம்பாள் புருஷனோடு பேசுவதில்லை. பனமலையில் நாலு வயது மகள் குஞ்சம்மாளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தபோது, "வண்டியக் கட்டு, செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கெஞ்சினாள். "கூட்டம் சேந்துடுச்சி, ஆட்டம் முடியட்டும்" என்றான் இந்த மகராசன். முடித்துவிட்டுத்தான் வண்டியைக் கட்டினான். பாதி வழியிலேயே குழந்தை போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவனுக்குக் கஞ்சி ஊற்றுவாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், வாயை மட்டும் திறக்கமாட்டாள். ராணியின் கயிற்றைப் பிடித்தால்தான் குரல் வரும். "சுவாமி, சாப்பிட்டீர்களா?" என்று ராணி ராஜாவைக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கேட்பதற்காகவே பச்சமுத்து பத்துப் பேர் நின்றாலும் ஆட்டம் போட்டான். பாவம் என்று சொல்ல மனசு வராது. ஆனாலும் பாவம்தான்.

வெள்ளிக்கிழமை செஞ்சி சந்தையில் நல்ல கூட்டம். போரிலிருந்து திரும்பிய ராஜாவிடம் ராணி குழந்தைப் பொம்மையை நீட்டுகிற கட்டம். குஞ்சம்மாள் இருந்தவரை அந்தப் பொம்மையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். ராஜா அதை வாங்கிக் கொஞ்ச வேண்டும், கதை அவ்வளவுதான். பச்சமுத்து ராஜாவை மண்டியிட வைத்தான்.

"தேவி, அன்று உன் பேச்சை நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு."

திரைக்குப் பின்னால் மீனம்பாளின் கை அப்படியே நின்றது. பிறகு ராணியின் கை மெல்ல இறங்கி ராஜாவின் கிரீடத்தைத் தொட்டது.

"எழுந்திருங்கள் சுவாமி. மன்னித்தேன்."

சந்தையே கைதட்டியது. பச்சமுத்து தேம்பித் தேம்பி அழுதான். நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது என்றே நம்பினான், பைத்தியக்காரன்.

கூட்டம் கலைந்ததும், பொம்மைப் பெட்டியருகே உட்கார்ந்திருந்தவளிடம் போனான். "மீனம்பா, மன்னிச்சிட்டேன்னு சொன்னியே, அது போதும் எனக்கு."

அவள் குழந்தைப் பொம்மையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் படுக்கவைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு தன் சொந்தக் குரலில் அவனிடம் பேசினாள்.

"ராணிக்கு அவ கொழந்த இருக்குது. அவ மன்னிச்சிட்டா. எனக்கு எங்க இருக்குது?"