தாராவியில் பனி பெய்த மதியம்

1

மே மாதம், பட்டப்பகல், தாராவியில் பனி பெய்தது. என் கண்ணால் பார்த்தேன். ஸ்வெட்டர் எடுத்துப் போகாததுதான் குறை.

நம்ப வேண்டாம். வடாலா ஸ்டேஷன் கவுண்டரில் உட்கார்ந்து பாதி பம்பாய்க்கு டிக்கெட் கொடுத்தவன் நான். மீதிப் பாதி டிக்கெட் எடுக்காமல் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு கதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் எல்லாரும் "பாதியைக் குறைச்சுக்கிடும்" என்கிறார்கள். குறைத்துத்தான் எழுதுகிறேன் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. என்னைவிடச் சின்னவன், பழைய சிநேகிதன், அப்துல் ரவூப் கூப்பிட்டான். "அண்ணாச்சி, உடனே வாங்க. பனி பெய்யுது." வைத்துவிட்டான்.

(இங்கே வானத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். பெய்தது வானத்திலிருந்து இல்லை.)

2

முதல் தொடக்கம்: அப்துல் ரவூப் ஒரு கடலுக்குச் சொந்தக்காரன், அந்தக் கடல்

இல்லை. கடல் அவன் மகள் சஃபீனாவுடையது.

இரண்டாம் தொடக்கம்: பவளம் என்பது கல்லல்ல, உயிர், ஆகவே

பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

மூன்றாவது. ரவூப்புக்குத் தோல் பை பட்டறை. கீழே மெஷின்கள், மேலே வீடு. மனைவி காலமான பிறகு மாடியில் அவன் மட்டும்தான். அவனும் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டியும். அதில் உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன், விரல் விரலாக அசையும் பவளங்கள். சஃபீனா கல்யாணமாகி முலுண்டுக்குப் போனபோது பீரோ போனது, கட்டில் போனது. தொட்டி போகவில்லை. பிளாட்டில் இடமில்லை.

பவளம் வளர வளரத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைத் தின்றுவிடும். தின்றதைத் திரும்ப ஊற்ற வேண்டும். ஒரு பாட்டில் கால்சியம், ஒரு பாட்டில் சோடாக் கரைசல். அதற்காக சஃபீனா வாரத்தில் பாதி நாள் ஆபீஸ் விட்டு லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வருவாள். ஊற்றுவாள். வாப்பாவோடு சாயா குடிப்பாள். போவாள்.

ஒருநாள் டோஸிங் பம்ப் என்று ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள்.

"இனி நான் ஓடி ஓடி வரவேண்டாம் வாப்பா. இதுவே நேரம் பார்த்துச் சொட்டுச் சொட்டா ஊத்திக்கும். ஒத்து வரலைன்னா சொல்லுங்க. செம்பூர்ல என்னைய மாதிரியே பவளம் வளர்க்குற சாய்நாத் தொட்டியைக் கேட்டுக்கிட்டே இருக்கான், கொடுத்திரலாம்."

"அதெல்லாம் ஒத்து வரும்மா" என்றான் ரவூப். பம்ப் ஒழுங்காக ஓடினால் மகள் வரமாட்டாள். ஓடாவிட்டால் தொட்டி செம்பூருக்குப் போகும். தொட்டி போனபின் எதற்கு வருவாள்?

(வாசகரே, கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் பிளம்பிங்.)

3

பிளம்பிங்.

சஃபீனா தன் புருஷனுக்குச் சொல்வதுபோல வாப்பாவுக்குச் சொன்னாள்.*

"பாருங்க, கால்சியம் குழாய் இந்த ஓரம், சோடாக் குழாய் அந்த ஓரம். ரெண்டும் நேருக்கு நேர் பார்க்கக்கூடாது."

"பார்த்தா?"

"சம்பந்திச் சண்டைதான். அப்படியே வெள்ளையாத் திரிஞ்சு போகும். அப்புறம், குழாய் நுனி தண்ணியைத் தொடக்கூடாது. மேல நின்னு சொட்டணும். தொட்டுக்கிட்டு இருந்து, பம்ப் தேய்ஞ்சிருச்சுன்னா, தொட்டித் தண்ணி திரும்பி பாட்டில்ல இறங்கிரும்."

"பாட்டில் நிறைய ஊத்தி வச்சிட்டுப் போயேன். அடிக்கடி ஊத்துத வேலை மிச்சம்."

"வேண்டாம். கொஞ்சமா இருக்கட்டும். பம்ப் பைத்தியம் பிடிச்சு நிக்காம ஓடினாலும், பாட்டில் காலியாகி அதுவே நின்னுரும். பவளம் பொழச்சுக்கும். எதையும் தொடாதீங்க, டென்ஷன் எடுக்காதீங்க."

டென்ஷன் எடுக்காதே என்று யாராவது சொல்லிவிட்டால் ரவூப்புக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

(* அந்தப் புருஷனும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டான். அது வேறு கதை.)

4

இந்த இடத்தில் எனக்கு ரவூப் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மனிதன் தொடுவானா? வாசகர் ஒப்புவாரா?

தாராவியில் பிறந்தவனைக் கேளுங்கள். காலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர். அது முடிந்தபின் எங்காவது சொட்டும் சத்தம் கேட்டால், யார் வீட்டுக் குழாய், யார் திறந்துவிட்டது என்று தெருவே எழுந்து தேடும். அப்படி வளர்ந்த காதுக்குப் பக்கத்தில் டொப். கொஞ்சம் கழித்து டொப். ரவூப் அல்லாவை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் மதியம் எழுந்து குழாய் நுனிகளைத் தண்ணீருக்குள் அமுக்கினான். சத்தம் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு குழாய் இங்கே, ஒரு குழாய் அங்கே. பையின் இரண்டு பிடியும் கோணலாக நின்றால் அவன் பட்டறையில் அந்தப் பை வெளியே போகாது. கைதான் செய்தது, அவன் இல்லை. இரண்டையும் நடுவில் சேர்த்து, பிடி தைக்கும் மெழுகு நூலால் ஒரு கட்டு. அழகான கட்டு.

சம்பந்திகளை ஒரே பாயில் உட்காரவைத்தாயிற்று.

அப்புறம்தான் பயம் பிடித்தது. சத்தமே இல்லையே, பம்ப் நின்றுவிட்டதோ? பவளம் பட்டினி கிடக்கிறதோ? காதை வைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியில் கையால் ஓட்டும் பட்டன் இரண்டு. இரண்டையும் இரண்டு பெருவிரலால் அழுத்தினான். டொப் கேட்கும்வரை அழுத்துவது என்று அழுத்தினான்.

தண்ணீருக்குள் அமுக்கிய குழாய் எங்கே டொப் சொல்லும்?

கட்டின் கீழே முதலில் பால் மாதிரி ஒரு புகை. பிறகு தொட்டி முழுக்க வெள்ளைப் பொடி, மெதுவாக, நிதானமாக, கோமாளி மீன் முதுகில், பவளத்தின் விரல்களில்

5

நான் போனபோது இமயமலையே இடிந்து விழுந்திருந்தது. சரி, குறைக்கிறேன். மாவு சலித்த மாதிரி இருந்தது.

பவளங்கள் விரலை மடக்கிக்கொண்டுவிட்டன. ரவூப் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாம் மவுத்தாப் போச்சா அண்ணாச்சி? ஒண்ணுகூட உயிரோட இல்லையா?"

"பிளக்கைப் பிடுங்கினியாடே?"

"பாட்டில் ரெண்டும் காலியானப்புறம் பம்ப் பிளக்கைப் பிடுங்கிட்டேன். தண்ணி சுத்துற மோட்டாரை விட்டுட்டேன்."

"உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கே. எந்திரி."

சஃபீனா டிரம்மில் கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீர் இருந்தது. கொஞ்சம் இறைத்தோம், கொஞ்சம் ஊற்றினோம், மறுபடி இறைத்தோம். நான் மட்டும் அரபிக் கடலில் பாதி இறைத்தேன். ரவூப் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தான், நூல் கட்டை அறுத்தான், குழாய்களை அதது இடத்தில் வைத்தான், பாட்டில்களில் பழைய அளவுக்கு ஊற்றினான். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பவளம் ஒரு விரலை நீட்டியது. ரவூப் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"சஃபீனாட்ட மூச்சு விட்டுராதிய. தொட்டி செம்பூருக்குப் போயிரும்."

"நான் யாருட்ட சொல்லப் போறேன்?"

சொல்லவில்லை. எழுதினேன். தமிழில் எழுதினேன். சஃபீனாவுக்குத் தமிழ் படிக்க வராது. தமிழைவிடப் பத்திரமான பூட்டு மும்பையில் கிடையாது.

6

முடிவு அ: எல்லாம் செத்துப்போகிறது. எனக்குப் பெரிதாக்கத் தெரியும், கொல்லத் தெரியாது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவளுக்குத் தெரியவே இல்லை. பம்ப் ஒழுங்காக ஓடுகிறது. ரவூப் இரண்டு கோப்பை சாயா போட்டு, இரண்டையும் அவனே குடிக்கிறான். இதை எழுதி முடித்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதையும் அடித்துவிட்டேன்.

முடிவு இ எழுத உட்கார்ந்தபோது போன். "அய்யாத்துரை மாமா, வாப்பா வீட்டுக்கு வாங்க." சஃபீனா.

பிழை பார்த்துச் சொல் என்று அதுவரை எழுதிய கதையை ரவூப்புக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவன் போனை அவள் எடுத்திருக்கிறாள். படிக்க வராவிட்டால் என்ன, போனே வாசித்துக் காட்டுமாம். இது எனக்கு யாரும் சொல்லவில்லை.

போனேன். ரவூப் சுவரோடு சுவராக நின்றான்.

"க்யா மாமா, என்ன கப்சா இது? ரெண்டும் கலந்து இப்படிக் கொட்டியிருந்தா ஒரு பவளம் மிஞ்சியிருக்காது. எல்லாம் ஜம்முன்னு இருக்கு. வாப்பாவைப் போய் இப்படி எழுதியிருக்கீங்க."

ரவூப் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான். வாழ்நாளில் நான் எழுதிய ஒரே உண்மைக் கதை. அதைத்தான்

"ஆமா புள்ள," என்றேன். "சும்மா, கைக்கு வந்ததை எழுதினேன்."

"அதானே பார்த்தேன்" என்றாள். வந்ததற்கு மோட்டாரைக் கழுவிவிட்டுப் போகலாம் என்று தண்ணீர் சுற்றும் மோட்டாரை வெளியே எடுத்தாள். நாங்கள் எல்லாவற்றையும் துடைத்திருந்தோம். மோட்டாரைத் திறக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

7

சாய்நாத்துக்குப் போன் போனதா? இல்லை, 'இந்த வீட்டில் பம்பைத் தனியே விடமுடியாது' என்று அவள் பழையபடி லோக்கலில் வரத் தொடங்கினாளா? அதை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் முடித்தால் ஊதிப் பெரிதாக்கிவிடுவேன். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்தது அந்த ஒரு நிமிஷம். மோட்டாருக்குள் சின்னச் சக்கரம். அதன் இறக்கைகளில், வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அது மாதிரி கெட்டியாக வெள்ளை. சஃபீனா நகத்தால் சுரண்டினாள். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். பாட்டில்களைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள். ரவூப் தரையைப் பார்த்தான்.

"பாட்டில்ல கொஞ்சமா ஊத்தி வச்சதாலதான் பொழச்சிருக்கு" என்றாள், யாரிடமும் சொல்லாததுபோல.

அப்புறம் என் பக்கம் திரும்பி, கையை நீட்டிக் காட்டினாள்.

"பெஞ்சிருக்கு மாமா."