மாஸ்டர் உயரத்துக்கு ஒரு ட்ரைபாட்

உயரமாக வளர்வது என்ன குற்றமா, சொல்லுங்கள். கட்டிலுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு தூங்குகிறவன், பேருந்துக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொள்கிறவன், நுழைகிற வாசலுக்கெல்லாம் தலைவணங்குகிறவன், அவனுக்கென்று ஒரே ஒரு சாமானையாவது இந்த உலகத்தில் யாராவது செய்து வைத்திருக்கிறார்களா? தையற்கடை மாஸ்டருக்கு இந்தக் கோபம் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார். கோபம் வந்தால் இன்னும் கொஞ்சம் கூனிக்கொள்வார், அவ்வளவுதான்.

கடையில் துணி வெட்டும் மேஜை மற்றவர்கள் உயரத்துக்குப் போட்டது. அதன்மேல் வருஷக்கணக்கில் குனிந்து கோட்டும் கால்சட்டையும் வெட்டியதில் அவர் இடுப்பு பாதி போயிற்று. மீதியைக் கேமரா பார்த்துக்கொண்டது. விடுமுறை வந்தால் போதும், பறவை பிடிக்கக் கிளம்பிவிடுவார், படத்தில்தான். போன தடவை ஒரு மீன்கொத்திக்காகக் குளக்கரையில், மூன்று காலில் கேமராவைத் தாங்கும் குட்டை ட்ரைபாட்டுக்கு முன்னால் குனிந்தவர் குனிந்தபடியே வீடு வந்து சேர்ந்தார். வாரக்கணக்கில் படுக்கை. இன்னொரு தடவை குனிந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி ஏறினதே தெரியலம்மா என்று பெரிய பெரிய பயில்வான்களே அவளைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். வீட்டில் அவள் வாய்க்கு அந்தப் பெயர் கிடையாது.

"இந்தக் கேமராவ என் தம்பிக்குக் குடுத்துடப் போறேன்," என்றாள்.

"உன் தம்பியா? அவன் காரைத் தவிர எதையாவது படம் எடுத்திருக்கானா?"

"கார் முன்னாடி யாரும் குனிய வேண்டாம்."

அந்த நேரம் பார்த்துத்தான் காலை நடைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து ஒரு செய்தி சொன்னார். ஊருக்கு வெளியே குன்றுக்கு எதிரில் செங்குத்தான பாறை இருக்கிறதல்லவா, அதில் கூடு கட்டியிருந்த கழுகின் குஞ்சு விளிம்பில் வந்து நின்று இறக்கையை அடித்துப் பார்க்கிறதாம். இரண்டு மூன்று நாளில் பறந்துவிடுமாம். முட்டையாக இருந்ததிலிருந்து மாஸ்டர் பார்த்து வந்த குஞ்சு அது. அது முதன்முதலாகக் கூட்டை விட்டுக் கிளம்புகிற அந்த ஒரு படத்துக்காகத்தான் அவர் கோடை முழுக்கக் காத்திருந்தார்.

அன்று அவர் கெஞ்சிய கெஞ்சலில் கல்லும் கரைந்திருக்கும். மனைவி கரையவில்லை, ஆனால் ஒரு படி இறங்கி வந்தாள்.

"ஒரே ஒரு தடவை. நிமிர்ந்து நின்னு எடுக்கற மாதிரி ட்ரைபாட் வாங்குங்க. குனியாம எடுத்துட்டு வந்தா கேமரா உங்களுது. குனிஞ்சீங்க, அன்னிக்கே தம்பி வீட்டுக்குப் போயிடும். நானும் கூட வருவேன்."

மறுநாள் வலிமாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கேமராக் கடைக்குப் போனார். கடைக்காரர் குள்ளம், உருண்டை, பேச்சில் சர்க்கரை. கூரையோ தாழ்வு. போதாக்குறைக்கு அதிலிருந்து கேமராப் பைகள் வரிசையாகத் தொங்கின.

கடைக்காரர் முதலில் ஒரு ட்ரைபாட்டை விரித்து மாஸ்டர் கொண்டுவந்த கேமராவை அதில் வைத்தார். மாஸ்டர் வயிற்றுக்கு வந்தது.

"இது கல்யாண வீட்டுல சின்னப் பிள்ளைங்க நின்னு படம் எடுக்கறதுக்கா?"

"அவசரப்படாதீங்க சார், நடுத்தண்டு இருக்கு பாருங்க." கடைக்காரர் திருகித் திருகி நடுத்தண்டை ஏற்றினார். உயரம் வந்தது, கூடவே ஆட்டமும் வந்தது. விரலால் தொட்டதற்கே கேமரா 'இல்லை, இல்லை' என்று தலையாட்டியது. நீள லென்ஸைப் போட்டு வெட்டவெளிக் காற்றில் நிறுத்தினால் கழுகும் தெரியாது, பாறையும் தெரியாது. கால்கள் மட்டுமே உயரம் தர வேண்டும், நடுத்தண்டை நம்பக் கூடாது என்பது மாஸ்டருக்குப் பட்டுத் தெரிந்த விஷயம்.

கடைசியாக உள்ளேயிருந்து கனமான ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்தார் கடைக்காரர். "நம்ம கடையிலயே உயரம் இதுதான் சார். இதுக்கு மேல வேணும்னா சொல்லி வரவழைக்கணும். ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதமா! குஞ்சு அதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடும். மாஸ்டர் கேமராவைப் பொருத்திக் கண்ணை வைத்தார். அட, நேராக வந்தது. கழுத்துகூட வளையவில்லை. கடைக்காரரும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு சார்," என்று அடித்துச் சொன்னார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது.

"நிமிர்ந்து நின்னுதானே பார்த்தீங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"பின்னே? நேரா நின்னேன்."

பொய் சொல்லவில்லை அந்த மனிதர். மனதறிய அப்படித்தான் நம்பினார்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் குன்றில் இருந்தார்கள். பை, ட்ரைபாட், தண்ணீர் எல்லாவற்றையும் அவள்தான் சுமந்தாள். எதிரே பாறை, நடுவில் பள்ளம். பள்ளத்தின் ஓரமாக அவள் மார்பளவுக்கு முட்புதர், அதற்கு மேலாகத்தான் பார்க்க முடியும். உட்கார்ந்து எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை. அவர் சொல்லச் சொல்ல அவள் ட்ரைபாட்டின் கால்களை முழுக்க நீட்டி, பூட்டி, கேமராவைப் பொருத்தினாள். மாஸ்டர் நெருங்கி நின்றார்.

கேமரா அவர் தோளுக்குக் கீழே இருந்தது.

"காலை முழுசா இழுத்தியா?"

"இழுத்தாச்சுங்க. இதுக்கு மேல இழுத்தா கையோட வந்துடும்."

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று கண்ணுக்கு வந்தது இன்று தோளுக்கு எப்படி வரும்? ராத்திரியில் வளர்ந்துவிட்டாரா? மனைவி கையைக் கட்டிக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடையில எப்படி நின்னீங்க? நின்னு காட்டுங்க."

நின்று காட்டினார். கூரையில் இடிக்கக் கூடாதென்று கால்களை அகட்டி, குள்ளமான மனிதரிடம் பேசுகிறோமே என்று முழங்காலைத் தளர்த்தி, தோளைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, நாலு பேர் நடுவில் வாழ்நாள் முழுக்க நிற்கிறபடியே நின்றார். கண் கச்சிதமாகக் கேமராவில் போய் உட்கார்ந்தது. வலிமாத்திரை போட்டிருந்ததால் நேற்று ஒரு வார்த்தை சொல்லாத இடுப்பு இன்று சுரீரென்று இழுத்தது, உடனே நிமிர்ந்துகொண்டார்.

"அடக் கடவுளே," என்றாள் அவள். "வயித்தை எக்காதீங்க, இயல்பா நில்லுங்கன்னு ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் சொல்லி அளவெடுக்கறீங்களே. உங்க அளவு உங்களுக்குத் தெரியலையா?"

தெரியாது. நிமிர்ந்தால் எவ்வளவு உயரம் என்பது அந்த ஆளற்ற குன்றில்தான் அவருக்கே தெரிந்தது. அவமானமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

சும்மா விட்டார்களா? என்னென்னவோ செய்து பார்த்தார்கள். நடுத்தண்டை ஏற்றினார்கள், காற்று வந்து கேமராவைப் பிடித்து உலுக்கியது, இறக்கிவிட்டார்கள். கேமராவின் பின்திரையைப் பார்த்து எடுக்கலாமென்றால் வெயில் விழுந்து அதில் அவர் முகம்தான் தெரிந்தது. அவள் அங்குமிங்கும் ஓடிக் கல் பொறுக்கி வந்து கால்களுக்கு அடியில் கொடுத்தாள். ஒரு கல் உருண்டது, ட்ரைபாட் சாய்ந்தது, அவள் பாய்ந்து பிடித்துக் கல்லையெல்லாம் தள்ளிவிட்டுப் பழையபடி தரையில் நிறுத்தினாள். தூக்கிக்கொடுக்க அவரால் ஒரு கல்லுக்குக்கூடக் குனிய முடியாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"போதும், வாங்க போகலாம்," என்றாள்.

அப்போதுதான் எதிரே குஞ்சு எழுந்தது. விளிம்புக்கு நடந்து வந்து இறக்கையை விரித்தது. மாஸ்டர் ஒன்றையும் யோசிக்கவில்லை. குனிந்தார்.

கண் கேமராவைத் தொட்டதா இல்லையா, இடுப்பில் யாரோ கத்தரிக்கோலை இறக்கியது போலிருந்தது. "அம்மா!" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெதுவாகச் சரிந்து தரையில் மல்லாந்துவிட்டார். அவள் ஓடிவந்து தலைக்கடியில் பையை வைத்தாள். காலை அசைக்கச் சொன்னாள், அசைந்தது. விரலைக் கிள்ளினாள், வலித்தது. மடமடவென்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"வர்றான். ரெண்டு ஆளும் கூட்டிட்டு வர்றான். அசையாதீங்க." பிறகு குரல் உடைந்தது. "அப்படி என்னங்க பிடிவாதம்? ஒரு பறவைக்காக நடக்க முடியாமப் போயிட்டா நான் என்ன செய்வேன்?"

"குஞ்சு இருக்கா?"

"என்ன மனுஷன் நீங்க!"

"இருக்கான்னு மட்டும் பாரேன். கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கேமராவிடம் போனாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வானம் ஒன்றுதான்.

"என்னங்க," என்றாள். குரலே மாறியிருந்தது. "இதுல கண்ண வெச்சா அது கண்ணே தெரியுதுங்க. மஞ்சளா இருக்கு."

அவளுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை, எக்க வேண்டியிருக்கவில்லை. நின்றபடியே கண் சரியாக இருந்தது.

"வலது கை ஆள்காட்டி விரல்," என்றார் மாஸ்டர் அவசரமாக. "பட்டனைப் பாதி அமுக்கு. தெளிவாச்சா? அப்படியே பிடி. மூச்சை விடாதே. அது குதிக்கும்போது முழுசா அமுக்கு, விடாதே."

"ஊசி போடற மாதிரிதானே? எனக்குத் தெரியும், பேசாம இருங்க."

வேறு என்ன செய்ய முடியும்? கையிருந்தும் இல்லாதவராக, கண்ணிருந்தும் தெரியாதவராகக் கிடந்து காதைத் தீட்டிக்கொண்டார். பிறகு கேமரா சடசடவென்று அடித்தது. அவள் "ஐயோ, போயிடுச்சு, பறக்குதுங்க, பறக்குது!" என்று சின்னப் பெண் போலக் கத்தினாள்.

கேமராவைக் கழற்றிக் கொண்டுவந்து, தன் நிழல் திரைமேல் விழும்படி உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு படத்தில் குஞ்சின் கால்நகம் அப்போதுதான் பாறையை விட்டிருந்தது. இறக்கை முழுதும் விரிந்து, ஒவ்வோர் இறகும் தனித்தனியாக, துளி ஆட்டமில்லை. இத்தனை வருஷத்தில் அவர் இப்படி ஒன்று எடுத்ததில்லை.

"நல்லா இருக்கா?" என்று பயந்து கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு." அவருக்குச் சந்தோஷம்தான். பொறாமையும்தான்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அந்தப் பட்டனை விட்டு எடுபடவில்லை.

"தம்பிக்குக் குடுக்க வேண்டாங்க," என்றாள்.

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நிஜமாவா?"

"ஆமா. நானே வெச்சுக்கறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கேமராவை ட்ரைபாட்டில் மறுபடி பொருத்திக் கண்ணை வைத்தாள். கீழே பாதையில் மச்சினனும் ஆட்களும் ஏறி வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது.

"என்னங்க, பெரிய கழுகு வருது. வேகமாப் போறதை எடுக்கணும்னா எதைத் திருப்பணும்?"

மாஸ்டரின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் இடுப்பு இழுத்தது.

"மேல இருக்கற சக்கரம்," என்றார். "வலது பக்கமாத் திருப்பு."