ஆறாம் தடத்துக்காரர்

அந்த ஏரியில் நடந்த ஒற்றை ஆள் துடுப்புப் படகுப் போட்டியில் ஐந்து பேர், ஒரு பாத்திரம் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். ஆறாம் தடத்தில் போன லிப்ட் மெக்கானிக் இன்னும் தாண்டவில்லை, அது ஆகிறது பதினாறு வருடம். அவர் மூழ்கவில்லை. படகு கவிழவில்லை. எங்கேயும் நின்று மூச்சு வாங்கவும் இல்லை. கரையில் போய் நிற்கிற யாரும் பார்க்கலாம்: குனிகிறார், நிமிர்கிறார், இரண்டு துடுப்பும் ஒன்றாக நீரில் இறங்கி ஒன்றாக எழுகின்றன, படகு வழுக்கிக்கொண்டு போகிறது, போய்க்கொண்டே கடைசி மிதவைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாகவே இருக்கிறது. நில அளவைக்காரர் ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து அரைநாள் பார்த்தார். படகு நகர்வது உண்மை, மிச்சத் தூரம் குறையாததும் உண்மை என்று இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

மெக்கானிக்கின் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். போட்டி நாளன்று அவளை மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வரச் சொன்னது அவர்தான். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறவன். சேருமிடம் அவன் கண்ணில் படாது, விட்டுவந்த இடம்தான் படும். அதனால் புறப்படுகிற கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொண்டு, படகின் வால் அதைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டால் படகு நேராகப் போகும். மெக்கானிக்குக் கரையிலிருந்த மரங்களின்மேல் நம்பிக்கை இல்லை, எல்லாம் ஒரே அச்சு என்றார். நீ நின்றால் எனக்குத் தப்பாது, நான் வந்து சேருகிறவரைக்கும் மட்டும் நகராதே என்றார். நல்ல வெயில். அவள் இடுப்பில் குழந்தையோடு மழைக்கோட்டுக்குள் வெந்துகொண்டு நின்றாள். உங்களுக்கு மட்டும் தனியாக மழை பெய்கிறதா என்று பக்கத்திலிருந்தவர்கள் கேட்டார்கள், அவளும் சிரித்தாள். அவர் படகில் ஏறும்போது அவள் சொல்லி அனுப்பியதும் சிரித்துக்கொண்டுதான். வீட்டில் கதவில்லாத அலமாரி ஒன்று இருந்தது, பாதிச் சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்த கூடம் ஒன்று இருந்தது, வெளியே எடுத்து வைத்த குழாய் ஒன்று அப்படியே கிடந்தது. "இதையாவது முழுசா முடிச்சிட்டு வாங்க," என்றாள். அவர் தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பார்த்துக்கொண்டே இரு என்றார்.

போட்டியின் விதி எளிமையானது. கடைசிப் படகு எல்லையைத் தாண்டின பிறகுதான் நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கலாம், கொடி தூக்கினால்தான் போட்டி முடிந்ததாகக் கணக்கு. முடியாதவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு விலகலாம். ஆனால் அந்தக் கையை அவரேதான் தூக்க வேண்டும், அவருக்காக மனைவியோ மேலதிகாரியோ தூக்க முடியாது. நடுவர் மோட்டார் படகில் பின்னாலேயே போய் ஒலிபெருக்கியில் கேட்டார், மெக்கானிக் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மறுநாளும் கேட்டார். கேட்டுக் கேட்டு நடுவருக்குத் தலை நரைத்து, பணி ஓய்வு வந்து, மடித்த கொடியைப் புது நடுவர் கையில் கொடுத்துவிட்டு மகன் வீட்டோடு போனார். முதலில் வந்த பேக்கரிக்காரர்பாடுதான் பரிதாபம். போட்டி முடியாததால் அவர் ஜெயிக்கவும் இல்லை. வருடம் தவறாமல் வந்து கரையில் நின்று, "அக்கா, கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்களேன், நான் பதக்கத்தைப் பார்க்காமலே போயிடுவேன் போலிருக்கு," என்பார். போன வருடம் அப்படியே போய்விட்டார்.

அவள் காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு தரம், சாயந்தரம் கடை விட்டதும் ஒரு தரம், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் போய் நின்றாள். தான் நிற்காத அன்றைக்குப் படகு கோணிக்கொண்டு போய்விடும் என்று பயம். முதல் கோட்டு கிழிந்து இரண்டாவது வாங்கினாள், அதே மஞ்சள் கிடைக்கப் பல கடை ஏறி இறங்கினாள். ஒரு கோடையில் ஏரி வற்றி ஐந்து தடத்தில் சேறு வெடித்தது, ஆறாவதில் மட்டும் ஒரு படகுக்குப் போதுமான தண்ணீர் நின்றது. லிப்ட் கம்பெனி, அவர் விடுப்பில் இருக்கிறாரா என்று கேட்டுக் கேட்டுச் சலித்து வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. உதவி கேட்டுப் போன அலுவலகத்தில், விதவை என்று எழுத முடியாது, கைவிடப்பட்டவள் என்றும் எழுத முடியாது, ஆள்தான் கண்ணெதிரே இருக்கிறாரே என்றார்கள். அதுவும் சரிதானே. உன் வீட்டுக்காரர் வேலையில் கெட்டி என்று கடையில் கிண்டல் செய்தவர்களும் நாளாக ஆக அதை விட்டுவிட்டார்கள். கிண்டல் நின்றபோதுதான் இது விளையாட்டில்லை என்று அவளுக்கு உறைத்தது. இரவில் படுத்தால், முழுசா முடிச்சிட்டு வாங்க என்று தான் சொல்லி அனுப்பிய அந்த ஒரு வாக்கியம் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

இடுப்பிலிருந்த குழந்தை வளர்ந்து, பள்ளி முடித்து, ஒரு மருந்துக் கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். தாயும் மகளும் சண்டை போட்டதில்லை, சண்டைக்கு நேரமும் இருந்ததில்லை. வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, நீயும் வா என்று மகள் கூப்பிட்டாள். அப்பாவை விட்டுவிட்டா என்றாள் தாய். மகள் சத்தம் போடவில்லை.

"அப்பா முகம் எனக்கு நல்லாத் தெரியும்மா. உன் முகம்தான் தெரியல. ஏரியைப் பார்த்து நிக்கிற உன் முதுகைப் பார்த்துத்தானே நான் வளர்ந்தேன்."

அன்றைக்கு அவள் லென்ஸ் ஒன்றைத் தப்பாகத் தேய்த்து உடைத்தாள். மறுநாள் புது நடுவரிடம் போய், ஒரே ஒரு தரம் மோட்டார் படகில் ஏற்றிக்கொண்டு போங்கள், நான் கேட்டால் கையைத் தூக்குவார் என்றாள். பழைய நடுவர் இதற்கு இசைந்ததே இல்லை, போட்டியாளருக்கு வெளியாள் உதவி செய்ததாக ஆகிவிடும் என்பார். புதியவர் இளகின மனசுக்காரர். உதவி இல்லையே, விலகச் சொல்லத்தானே போகிறீர்கள் என்று ஏற்றிக்கொண்டார்.

மோட்டார் படகு ஆறாம் தடத்தில் பின்னாலிருந்து நெருங்கியது. அத்தனை வருடம் விரல் நீளத்துக்குத் தெரிந்த மனிதர் முழு உருவமானார். தொப்பி வெளுக்கவில்லை. போட்டி நாள் காலை சவரம் செய்யும்போது தாடையில் பட்ட கீறல் இன்னும் சிவப்பாக இருந்தது. ஒரு நரை இல்லை. அவருக்குப் போட்டி தொடங்கிச் சில நிமிடம்தான் ஆகியிருந்தது என்பது அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

அவர்தான் முதலில் பேசினார், ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு. "அம்மா, படகைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்க. கரையில என் வீட்டுக்காரி நிக்கிறா. மறைக்குது."

அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "போதும்ப்பா. கையைத் தூக்கிடுங்க."

"இதோ வந்துட்டேனே. இதையும் பாதியில விட்டா வீட்டுக்குள்ள விடமாட்டா."

"விடுவா. ஒண்ணும் சொல்லமாட்டா."

அவர் சிரித்தார். "உங்களுக்கு அவளைத் தெரியாதும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். புறப்பட்ட கரையில் மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள், கருகருவென்று தலைமயிர், பக்கத்தில் யாரோ என்னவோ சொன்னதற்குச் சிரித்தாள், கண்ணை மட்டும் ஏரியைவிட்டு எடுக்கவில்லை. நடுவரும் பார்த்தார். யார் அது என்று கேட்டார். நான்தான் என்றாள் இவள். பதினாறு வருடமும் அந்த இடத்தில் ஆள் இருந்திருக்கிறது. இவள் நின்றது கணக்கிலேயே வரவில்லை.

"ஓரமாப் போங்க சார்," என்றாள். "அவருக்கு மறைக்குது."

அதன் பிறகு அவள் ஏரிக்குப் போகவில்லை. போகாததால் படகு கோணவும் இல்லை, நூல் பிடித்த மாதிரி நேராகவே போய்க்கொண்டிருக்கிறது. மகள் வெளியூர் போனாள், மாதம் ஒருதரம் வருகிறாள். வந்தால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். போட்டிகள் ஐந்து தடத்தில் நடக்கின்றன. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் கண்ணாடிக் கடைக்கு வந்து, லென்ஸ் மாட்டி முடிகிறவரைக்கும் பேச்சுக் கொடுத்து, ஏரியில் படகு விடலாமா என்று விசாரிப்பார்கள். தாராளமாக விடலாம் என்பாள் அவள், கண்ணாடியைத் துடைத்து அவர்கள் கையில் கொடுத்தபடி.

"ஆறாம் தடத்துல மட்டும் குறுக்க போயிடாதீங்க. ஒருத்தர் வந்துட்டிருக்கார்."