என் பேரு லட்சுமி இல்ல

என் பேரு சிவசங்கரி. இதை ஒரு தடவையாவது நான் சொல்லாத கச்சேரி கிடையாது. மேடைய விட்டு எறங்கினா போதும், "லட்சுமியக்கா, அந்த டூயட்டை இன்னொரு வாட்டி பாடுக்கா"ன்னு எவனாவது வந்து நிப்பான். "லட்சுமியும் இல்ல, சரஸ்வதியும் இல்ல, போடா அந்தாண்ட"ன்னு சொல்லிட்டு வேன்ல ஏறிக் குந்திக்குவேன்.

இந்த வம்புக்கெல்லாம் காரணம் எங்க குழுவோட பேரு. லெசமி. பிரெஞ்சு வார்த்தை, நண்பர்கள்னு அர்த்தம். எழுபத்தி நாலுல புதுச்சேரி மில்லுல வேலை பாத்த ஆறு பேர் சேந்து ஆரம்பிச்ச இன்னிசைக் குழு அது. ஆறு பேர்ல பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு கித்தார் தேவதாஸ் ஒருத்தருதான். அவருதான் பேரு வெச்சாரு. பெரிய டிரம்மோட முன்தோல்ல, நீலப் பெயிண்டுல, பிரெஞ்சு எழுத்துல வளைச்சு வளைச்சு அவரே எழுதவும் செஞ்சாரு. டவுனுக்குள்ள சரி. டவுனைத் தாண்டினா மைக்செட்டுக்காரன் வாயில லெசமி நுழையுமா? "அடுத்து உங்கள் லட்சுமி ஆர்க்கெஸ்ட்ரா"ன்னு எவனோ ஒருத்தன் கத்தினான், அவ்ளோதான், ஊர் ஊரா அதுவே ஒட்டிக்கிச்சு. அப்புறம் பாட்டுக்காரியா நான் வந்து சேந்தேனா, ஆர்க்கெஸ்ட்ரா லட்சுமின்னா பாடற பொம்பளைதான் லட்சுமின்னு சனங்க முடிவு பண்ணிடுச்சு. நோட்டீஸ்ல லெசமின்னு ஒழுங்கா அடிச்சாக்கூட, "பாரு, லட்சுமியத் தப்பா அடிச்சிருக்கான்"னு சொல்லுவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். நல்ல பேரு ஒண்ணு இருக்கறப்ப இதென்ன கூத்துன்னு.

ரெண்டாயிரத்து ஆறுல, இந்தக் கதை நடந்தப்ப, அந்த ஆறு பேர்ல குழுவுல மிச்சம் இருந்தவரு டிரம்ஸ் சாமிக்கண்ணு அண்ணன் மட்டும்தான். வயலின் பக்கிரியும் பாட்டு சின்னக்கண்ணுவும் செத்துப் போயிட்டாங்க. ரெண்டு பேரு மில்லு மூடினதும் வேற ஊருக்குப் பொழைக்கப் போயிட்டாங்க. தேவதாஸ் எப்பவோ பிரான்சுக்குப் போயி அங்கியே தங்கிட்டாரு. மத்த நாங்க எல்லாம் அப்புறமா வந்தவங்க. கீபோர்டு ஹரிகிருஷ்ணன் பகல்ல ஆட்டோ ஓட்டறான். கித்தார் மதிவாணன் ஒயரிங் வேலை. ரிதம் பேட் இனியா செல்போன் கடையில நிக்கிறா. எனக்குக் கோரிமேட்டுல ஜெராக்ஸ் கடை வேலை. பஸ் புடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு வர்ற சனங்க ரிப்போர்ட்டை நீட்டும், நான் நகல் எடுத்துக் குடுப்பேன். பாதிப் பேரு கண்ணுல தண்ணி நிக்கும். நாள் முழுக்க அதைப் பாத்துட்டு சாயந்திரம் ரிகர்சலுக்குப் போனாத்தான் எனக்கு மூச்சே வரும். அந்தக் குழு இல்லன்னா நானும் அந்தக் கடையில இன்னொரு மெஷின், வேற ஒண்ணும் இல்ல.

ஜூலை மாசம் தேவதாஸ் லீவுல ஊருக்கு வந்தாரு. முதலியார்பேட்டையில சாமிக்கண்ணு அண்ணன் வீட்டு மாடிக் கொட்டாயிலதான் எங்க ரிகர்சல். அங்க வந்து நாற்காலியில உக்காந்தாரு. நெட்டையா, நரைச்ச தலையோட, சென்ட் வாசனையோட. மூணு பாட்டு கேட்டாரு. கை தட்டல. எழுந்து நேரா டிரம்முகிட்டப் போயி, அந்த நீல எழுத்தைத் தொட்டுப் பாத்தாரு.

"சாமி, இந்தத் தோலைக் கழட்டிக் குடுத்துடு"ன்னாரு.

"இன்னாடா தாஸு சொல்ற?"

"பாரிசுல ஒரு நம்ம ஊர் வீட்டுல கல்யாண சிடி போட்டாங்க. பாத்தா லெசமி. என் கையெழுத்து. அதுக்குப் பின்னாடி எவன் எவனோ நிக்கிறான். பக்கிரி எங்க, சின்னக்கண்ணு எங்கன்னு தேடறேன். ரெண்டு பேரும் செத்துட்டாங்கன்னு அந்த வீட்டுக்காரன் சொல்லித்தாண்டா எனக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டை வெச்சிட்டு எழுந்து வந்துட்டேன். பிரெஞ்சுல அமின்னா நண்பன். என் நண்பனுங்க இல்லாத இடத்துல இந்தப் பேரு எதுக்கு?"

அவரு சொன்னதுல நியாயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ அவ்வளவு கோவம்.

"ஏண்ணே, அப்ப நாங்கெல்லாம் யாரு? பக்கிரி அண்ணன் கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மாத்தி மாத்திக் கூடவே இருந்தது நானும் இந்த ஹரியும். நீங்க அங்கேர்ந்து சிடி பாத்தீங்க. நண்பர்கள்னா பிரான்சுல இருந்தாத்தான் நண்பர்களா?"

"சங்கரி, வாய மூடு"ன்னாரு சாமிக்கண்ணு அண்ணன்.

நான் மூடல. "முப்பது வருசமா நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. இப்ப வந்து தோலைக் குடு, நகத்தைக் குடுன்னா? இந்தப் பேர ஊர் ஊரா தூக்கிட்டுப் போயி உசுரோட வெச்சிருந்தது நாங்க."

தேவதாஸ் பதிலுக்குக் கத்தியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். அவரு கத்தல. மூக்கைச் சிந்திக்கிட்டு ஜன்னலப் பாத்து நின்னாரு. சாமிக்கண்ணு அண்ணனுக்கு அதுவே போதும், ஆளு உருகிட்டாரு.

"சரிடா தாஸு. ஆடி வெள்ளிக்கு கனகசெட்டிக்குளத்துல கங்கையம்மன் கோயில் கச்சேரி ஒத்துக்கிட்டிருக்கோம். அது முடியட்டும். அதோட லெசமிய முடிச்சுக்கலாம். எனக்கும் தோள் தூக்க முடியல. அன்னிக்கு டிரம்ஸை இனியா வாசிக்கட்டும், நான் உன்கூட கீழ குந்திக் கேக்கறேன். தோலையும் அன்னிக்கே கழட்டிக் குடுத்துடறேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. "கடைசியில நீதான் மைக்குல சொல்லணும். லெசமி முடிஞ்சு போச்சுன்னு மரியாதையா சொல்லி, கும்புட்டுட்டு எறங்கணும். எனக்காகச் செய்யி."

எனக்காகன்னு அவரு சொன்னப்புறம் தலையாட்டிட்டேன். பேரும் இல்ல, அண்ணனும் இல்ல, அப்புறம் நாங்க நாலு பேரு யாரு? வீட்டுக்குப் போயி ஒரு பாட்டம் அழுதேன். பேரே இல்லாத குழுவை எந்த ஊரு கூப்பிடும், நாங்களே எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ரிகர்சலுக்குக் கூடுவோம்னு இருந்துச்சு.

ஆடி வெள்ளி வந்துச்சு. மத்தியானம் கூழ் ஊத்தி முடிச்சிட்டு, விடியறதுக்குள்ள கடலுக்குப் போறவங்க ஊருங்கறதால கச்சேரிய சாயந்திரமே ஆரம்பிச்சிடுவாங்க. கோயிலுக்கு முன்னாடி மணல்ல சனம் நெறைஞ்சு குந்தியிருந்துச்சு. சாமிக்கண்ணு அண்ணன் டிரம்மோட முன்தோலைத் தன் கையாலயே கழட்டி, வேட்டித் துணியில சுத்தி தேவதாஸ்கிட்ட குடுத்தாரு. முன்பக்கம் பொக்கை வாயாட்டம் தெறந்து கெடந்த டிரம்முக்குப் பின்னாடி இனியா போயி உக்காந்தா. ஆறு பேர்ல ஒருத்தர்கூட மேடையில இல்லாம லெசமி வாசிச்சது அன்னிக்குத்தான் மொத தடவை.

"இதோ, உங்கள் லட்சுமி ஆர்க்கெஸ்ட்ரா!"ன்னான் மைக்செட்டுக்காரன். கடைசி நாள்லயும் விட மாட்டியாடான்னு மனசுக்குள்ள திட்டினேன்.

ஆனா வாசிச்சோம் பாருங்க! கோவத்துல வாசிச்சமா, துக்கத்துல வாசிச்சமா தெரியல. மதிவாணன் கித்தார்ல கண்ண மூடினவன் தெறக்கவே இல்ல. இனியா அடிச்ச அடியில முன்வரிசைப் பொம்பளைங்க தலையெல்லாம் தானா ஆடுது. நாலாவது பாட்டுல தேவதாஸ் எழுந்து நிக்கிறதப் பாத்தேன். கெளம்பறாரு போலன்னு நெனச்சு இன்னும் சத்தமாப் பாடினேன்.

அங்க என்ன நடந்துச்சுன்னு சாமிக்கண்ணு அண்ணன் அப்புறமா சொன்னாரு. தேவதாஸ் எழுந்ததும் பின்னாடியிருந்து ஆயம்மான்னு மீன் விக்கிற அம்மா ஒண்ணு சத்தம் போட்டிருக்கு.

"யோவ், குந்துய்யா கீழ! லட்சுமி பாடுது, மறைக்கிற!"

"எந்த லட்சுமி?"ன்னிருக்காரு தேவதாஸ்.

"இன்னாய்யா எந்த லட்சுமி? லட்சுமி பார்ட்டியே தெரியாதா? எந்த ஊரு நீ? என் கல்யாணத்துல பாடினவங்கய்யா. அப்ப நெட்டையா ஒருத்தன் கித்தாரு வாசிச்சிக்கினே வந்து பந்தக்கால்ல முட்டிக்கினு நெத்தி வீங்கிப் பூட்டான். சின்னப் பொண்ணு கல்யாணம் வருது, அதுக்கும் இவங்கதான் வரணும். குந்து, குந்து."

தேவதாஸ் நெத்தியத் தடவிக்கிட்டே உக்காந்தாராம். "டேய் சாமி, அது நாந்தான்டா. அப்பவே நம்ம பேரு லட்சுமிதானா?"ன்னு கேட்டாராம். "மைக்செட்டுக்காரன் உளர்றான்னு அப்ப சிரிச்சோமே, மறந்துட்டியா?"ன்னாராம் அண்ணன்.

இதெல்லாம் மேடையில இருந்த எனக்குத் தெரியாது. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் மைக்கைக் கையில புடிச்சேன்.

"எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருத்தத்தோட ஒண்ணு சொல்லிக்கிறேன். லெசமி... இன்னியோட முடிஞ்சு போச்சு."

அதுக்கு மேல சொல்ல முடியல. முந்தானையால கண்ணத் தொடைச்சேன். அப்புறம் முன்வரிசையில ஒரு பொம்பளை உச்சுக் கொட்டிக்கிட்டு பக்கத்துல இருந்தவளைக் கேட்டுச்சு, "யாரு லெசமி? பாவம், வயசு என்ன இருக்கும்?"

எனக்கு ஒரு நிமிசம் புரியல. அதுக்குள்ள "செத்துட்டாங்களாம், அக்காவுக்கு வேண்டியவங்களாம்"னு பேச்சு பின்வரிசை வரைக்கும் போயிடுச்சு. ஊர்த் தலைவர் ஜானகிராமன் துண்டைத் தோள்லேர்ந்து எடுத்துக்கிட்டு எழுந்தாரு. "எல்லாரும் ஒரு நிமிசம் எழுந்து நில்லுங்கப்பா. லட்சுமிக்குத் துக்கம்னா நமக்கும் துக்கம்தான்."

சத்தியமா சொல்றேன், அந்தக் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்னுச்சு. சுண்டல் விக்கிறவன்கூடத் தட்டைக் கீழ வெச்சிட்டு நின்னான். பின்னாடி கடல் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. சிரிக்கிறதா அழுவறதான்னு தெரியாம நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு கீழ பாத்தா, நடுவுல தேவதாஸும் சாமிக்கண்ணு அண்ணனும் கையப் புடிச்சுக்கிட்டு நின்னு தேம்பித் தேம்பி அழுவறாங்க. பக்கிரிக்கும் சின்னக்கண்ணுக்கும் சேந்து அழ அவங்களுக்கு அது வரைக்கும் ஒரு இடம் கெடைக்கல. அவங்க யாருன்னே தெரியாத ஒரு ஊரு கூட நின்னு குடுத்துச்சு. அப்பதான் எனக்கும் நல்லா அழுகை வந்துச்சு.

ஜானகிராமன் "போதும், குந்துங்க"ன்னாரு. எல்லாரும் உக்காந்தாங்க. ஆயம்மா குரல் மைக்கே இல்லாம மேடைக்கு வந்துச்சு. "அழுவாத லட்சுமி! செத்தவங்களுக்கு இன்னொரு பாட்டு பாடு!" உடனே கூட்டம் புடிச்சுக்கிச்சு. லட்சுமி, லட்சுமின்னு மணலு அதிருது. ஹரி என்னப் பாக்கறான், நான் அவனப் பாக்கறேன். லெசமி செத்துப் போச்சு, அடக்கமும் முடிஞ்சு போச்சு. ஆனா எங்க நாலு பேருக்கு ஒண்ணும் ஆவல. இத்தனை வருசமா எந்தப் பேர நான் வெரட்டி வெரட்டி அடிச்சேனோ, அந்தப் பேருதான் வாசல்ல குந்திக்கிட்டு எங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்திருக்கு.

பாடினோம். ஒண்ணு இல்ல, மூணு.

முடிஞ்சு எறங்கினா, வேன்கிட்ட தேவதாஸ் நிக்கிறாரு. வேட்டித் துணியில சுத்தின தோலு கையில அப்படியே இருக்கு. அதை அவரு சாமிக்கண்ணு அண்ணனோட மார்ல வெச்சு அழுத்தினாரு.

"இத நீயே வெச்சிக்கோடா. இது நம்ம ஆறு பேரோடது. செவுத்துல மாட்டிக்கோ." அப்புறம் இனியாவப் பாத்து, "டிரம்முக்குப் புதுத் தோலு நான் வாங்கித் தரேம்மா. பேர நானே எழுதறேன். தமிழ்ல எழுதி ரொம்ப நாளாச்சு, பக்கத்துல நின்னு பாத்துக்கோ"ன்னாரு.

"எங்க ரிகர்சல் பண்றது?"ன்னு கேட்டான் மதிவாணன், இன்னும் நம்பாத மாதிரி.

"எங்கன்னா? என் மாடியிலதான். தோள் வலிச்சா காதும் வலிக்குதா இன்னா?"ன்னாரு சாமிக்கண்ணு அண்ணன்.

மாடியில பேசின பேச்செல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. இவருகிட்ட மன்னிப்பு கேக்கறதா, இல்ல நான் கேட்டது சரிதான்னு இருக்கறதான்னு எனக்கே தெரியல. அவரே என் பக்கம் திரும்பினாரு. கண்ணு செவந்து இருந்தாலும் வாயில சிரிப்பு.

"லட்சுமி, அடுத்த வருசம் இங்க கச்சேரி என்னிக்கு? அதுக்கு ஏத்தாப்புல லீவு போடணும்."

என் பேரு லட்சுமி இல்லன்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

"ஆடி மூணாவது வெள்ளி"ன்னேன். "வந்துடுங்கண்ணே. வரப்ப கித்தாரை எடுத்துக்கிட்டு வாங்க, பந்தக்கால்ல மட்டும் முட்டிக்காதீங்க."